பதினோரு பேருக்கு ஒரே மாமா

என் மாமா, அம்மாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஆனால் லிஃப்டில் ஏறமாட்டார். எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்று நின்று படியேறி வருவார். கதவருகே செருப்பைக் கழற்றும்போது மூச்சு வாங்கும். அம்மா உள்ளிருந்தே ஆரம்பித்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கிற தொரைக்கு, வீட்டுக்கு வர லிஃப்ட் ஆகாதாம். அம்பது வயசாகுது, முட்டி என்னத்துக்கு ஆகும்?" மாமா சிரிப்பார், குடிக்கத் தண்ணீர் கேட்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓடும் நகைச்சுவை இது.

இந்த மாமாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியதுதான் நான் செய்த தப்பு. எழுதியதுகூடத் தப்பில்லை, அதைச் சவுண்டு என்கிற தோழி கையில் கொடுத்ததுதான் தப்பு.

நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன், வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாதிரித் தேர்வில் எழுந்து நின்று "குட் மார்னிங்" சொன்னேன். பிறகு இரண்டு நிமிடம் மின்விசிறியைப் பார்த்தேன். "தேங்க் யூ" சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. பேச்சுத் தேர்வில் பாதி மதிப்பெண்ணாவது வாங்காதவர்களை இரண்டாம் ஆண்டில் இலக்கியத்திலிருந்து வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு விதி. இலக்கியத்தை விட்டால் எனக்கு வேறு எதுவும் படிக்கத் தெரியாது. படிக்கப் பிடிக்கவும் பிடிக்காது.

கம்யூனிகேஷன் வகுப்பு எடுப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம் சார்'. எதைப் பற்றிப் பேசினாலும் இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டும். சிரித்த முகம், நேர்ப் பார்வை, மூன்று கருத்து, ஒரு நன்றி. கையில் எப்போதும் ஒரு டைமர் இருக்கும். இலக்கிய வகுப்பு மேடம் இதற்கு நேர் எதிர். நாம் எழுதுகிற கட்டுரையின் ஓரமெல்லாம் சிவப்பு மையில் "ஏன்?" என்று போட்டுத் தருவார். கதாநாயகி ஜன்னலைத் திறந்தாள் என்று எழுதினால் பக்கத்தில் ஒரு ஏன். காற்று வரத்தான், வேறு எதற்கு என்று நான் முணுமுணுப்பேன். அந்த ஏன் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

பேச்சுத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே தலைப்பைச் சொல்லிவிட்டார்கள். 'மறக்க முடியாத மனிதர்.' இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதன்பின் வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர் கேள்வி கேட்பார். நான் மாமாவை எழுதினேன். 'என் மாமா லிஃப்டுகளைச் சரிசெய்கிறார், ஆனால் எப்போதும் படியில்தான் ஏறுகிறார்' என்பது முதல் வரி. எழுதிவிட்டு நானே நாலு முறை படித்து ரசித்தேன். மனப்பாடம் செய்து, தோழியிடம் ஒப்பித்துப் பழகினேன். அந்தத் தோழிதான் சவுண்டு. அவள் ரகசியமாகப் பேசினால் பக்கத்து வகுப்பில் மட்டும்தான் கேட்கும். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் ஒப்பிப்பேன், தடுமாறினால் எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவு நல்லவள்.

தேர்வன்று காலை மூன்றாவது மாடி வராந்தாவில் பத்தொன்பது பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் எண் கடைசி. முதல் மூன்று பேர் போய்வந்தார்கள். நான்காவதாக வெளியே வந்தவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பேசினது நல்லாத்தான் போச்சு. அப்புறம், அவர் ஏன் படியில போறார்னு கேட்டாங்க பாரு, மாட்டிக்கிட்டேன்."

"யார் படியில போறது?" என்றேன்.

"அதான், லிஃப்ட் மாமா. க்ரூப்ல வந்துச்சே."

நான் சவுண்டைப் பார்த்தேன். அவள் பையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா நல்லா இருந்துச்சேன்னு போட்டோ எடுத்து ஒருத்திக்கு அனுப்பினேன்டி. அவ நீ இல்லாத க்ரூப்ல போட்டுட்டா. பத்துப் பேர் இப்படி அப்படியே தூக்குவாங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

பத்துப் பேர்! என் சொந்த மாமாவோடு நான் உள்ளே போகும்போது பதினோராவது ஆளாக இருப்பேன்.

அதற்கு மேல் வராந்தாவில் நடந்தது தனிக் கூத்து. மாமாவோடு உள்ளே போனவர்கள் எல்லாரிடமும், தேர்வாளராக வந்திருந்த அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார். கழுத்தைத் துடைத்தவன், மாமாவுக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அடுத்தவள், சர்க்கரை வியாதி, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். ஒருவன், ஒன்றரை நாள் லிஃப்டில் சிக்கி ஒரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு உயிர் பிழைத்தவர் என்று வீரக்கதையே சொல்லிவிட்டான். எட்டாவதாகப் போனவன் வெளியே வந்து என் எதிரில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காத. உன் மாமாவ நான் கொன்னுட்டேன்."

"என்னது?"

"இப்ப எங்க இருக்கார்னு கேட்டாங்க. ஒண்ணும் ஓடல. செத்துட்டார்னு சொன்னேன். அழுதா மார்க் போடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க, 'பத்து நிமிஷம் முன்னாடி உயிரோடதானே இருந்தார்'ங்குறாங்க."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. இவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி? இவர்களுக்குத் தெரியாதது எனக்கு மட்டும் தெரியுமா? மாமா ஏன் படியில் ஏறுகிறார்? அந்த வரியை ரசித்து ரசித்து எழுதினேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஓரத்தில் சிவப்பு மை தெரிகிற மாதிரியே இருந்தது.

பன்னிரண்டாவது ஆள் முடிந்ததும் தேர்வாளருக்குத் தேநீர் இடைவேளை விட்டார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனேன்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"மெஷின் ரூம்ல. என்னம்மா, பரீட்சைன்னு சொன்ன? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் லிஃப்ட்ல ஏற மாட்டேங்குறீங்க?"

ஸ்பேனரை இரும்பின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது. "இதக் கேக்கவா போன் பண்ண? இத யாரும் என்னக் கேட்டதே இல்லையே."

"நாங்கதான் தெனமும் கேக்குறோமே!"

"தெனமும் சிரிப்பீங்க. கேட்டதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவர் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உள்ள நின்னா என்னம்மா கேக்கும்? ஃபேன் சத்தம் கேக்கும், பக்கத்துல நிக்கிறவன் போன்ல பேசுறது கேக்கும். லிஃப்ட் ஓடுறது படிக்கு ஒட்டின சுவத்துக்குள்ள. படியில நின்னு, அது நம்மளத் தாண்டிப் போறப்போ காதக் குடுத்தா எல்லாத்தையும் சொல்லிடும். எங்க தேஞ்சிருக்கு, எந்த மாடியில கதவுப் பூட்டு சரியா விழல, எங்க உரசுது, எல்லாம் தெரியும். அதனாலதான் நின்னு நின்னு ஏறுறேன். நீங்க மூச்சு வாங்குதுன்னு நெனச்சீங்க. மூச்சும் வாங்குதுதான்."

"சரி, அது வேல செய்யுற எடத்துல. நம்ம வீட்டுல எதுக்கு மாமா?"

"அது வேற கம்பெனிக்காரன் பாக்குற லிஃப்ட். நான் கை வைக்கக் கூடாது. காது வைக்கலாம்ல?" என்று சிரித்தார். "உங்கம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி எறங்குறா. நீ காலைல கதவு மூடுறதுக்குள்ள பாஞ்சு ஏறுற. என்னால சும்மா இருக்க முடியுமா? ரெண்டு தடவ சத்தம் சரியில்லன்னு அவங்க ஆபீசுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். வந்து மாத்திட்டுப் போனாங்க."

அந்த இரண்டு தடவையும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. லிஃப்ட் கதவில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை தொங்கியது. நாலு மாடி திட்டிக்கொண்டே ஏறி வந்து, "இப்ப சந்தோஷமா மாமா? எல்லாரும் உங்கள மாதிரியே ஏற வேண்டியதாப் போச்சு" என்று சிடுசிடுத்தேன். அன்றைக்கும் சிரித்துவிட்டுத் தண்ணீர்தான் கேட்டார். வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது. என் வீட்டிலேயே ஒருவர் தினமும் எனக்காக நாலு மாடி ஏறியிருக்கிறார். நானோ அதை அழகான முதல் வரி என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் சவுண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்றதக் கேளு. மாமாவ விட்டுடு. உன் ஸ்கூல் டீச்சர் யாரையாவது பத்திப் பேசு. பதினோராவது ஆளா போய் அதையே சொன்னா, காப்பின்னு முட்டை போட்டுடுவாங்க."

அவள் சொன்னது நியாயம்தான். கதவைத் திறக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். பாதி நரைத்த தலை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். ஓரத்தில் ரெண்டு நிமிஷம் சார் டைமரோடு உட்கார்ந்திருந்தார். நான் குட் மார்னிங் சொன்னேன். இனி நாங்கள் பேசியது எல்லாம் ஆங்கிலம், அதைத் தமிழில் சொல்கிறேன்.

"யாரைப் பற்றிப் பேசப் போகிறாய்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"என் மாமாவைப் பற்றி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "லிஃப்ட் மெக்கானிக்கா?"

"ஆமாம்."

"இவருக்கு இன்று காலையிலிருந்து பத்து மருமக்களைப் பார்த்துவிட்டேன். நடுவில் ஒரு தடவை இறந்தும் போனார்."

"அவர் என் மாமா. அந்தத் தாளை எழுதியது நான். அது எல்லாரிடமும் போனதும் என் தப்புதான். ஆனால் நான் எழுதியது சரியில்லை. அதில் ஏன் என்பது இல்லை. இன்று காலைவரை எனக்கே தெரியாது. பத்துப் பேரிடம் நீங்கள் கேட்டீர்கள், அதனால் அவருக்குப் போன் செய்து கேட்டேன்."

டைமர் ஓட ஆரம்பித்ததைக் கவனித்தேன். அதற்குப் பிறகு அதை மறந்துவிட்டேன். மனப்பாடம் செய்த ஒரு வரியும் வாயில் வரவில்லை. சுவரை, படியை, சுவருக்குள் ஓடும் சத்தத்தைச் சொன்னேன். ஒரு பாகத்துக்குப் பெயர் தெரியாதபோது மேசை விளிம்பில் விரலை உரசிக் காட்டினேன். வேறு கம்பெனி லிஃப்டில் கை வைக்கக் கூடாது, காது வைக்கலாம் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். கதவில் தொங்கிய அட்டையைச் சொன்னேன், நான் சிடுசிடுத்ததையும் விடவில்லை. நடுவில் டைமர் கீச்சென்றது. அந்த அம்மாள் அதைப் பார்க்காமலே கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம் கேள்விமேல் கேள்வி கேட்டார். மழைக்காலத்தில் சத்தம் மாறுமா? ஆள் இல்லாமல் போனால் வேறு மாதிரிக் கேட்குமா? உங்கள் வீட்டு லிஃப்ட் எப்படிச் சத்தம் போடும்?

முதல் இரண்டையும் மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்றாவதற்கு, "தெரியாது மேடம், நான் இதுவரை காது கொடுத்ததில்லை" என்றேன்.

அவர் ஏதோ எழுதினார். போகலாம் என்று தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்தபோது சவுண்டு, "என்னடி, பதினோரு நிமிஷம்! உள்ளயே குடித்தனம் நடத்தினியா?" என்றாள்.

"மாமாவப் பத்தித்தான் பேசினேன்."

"போச்சு. வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போய் நல்லா இரு."

சிறிது நேரத்தில் தேர்வாளர் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தார். கல்லூரி உதவியாளர் ஓடிப்போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவர் அதைப் பார்த்தார், பக்கத்திலிருந்த படியைப் பார்த்தார். உதவியாளரைக் கொஞ்சம் பொறுத்து லிஃப்டில் வரச் சொல்லிவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தார். நாங்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தோம். கீழ்த் திருப்பத்தில் சுவரோரமாக நின்று தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் அவரைத் தாண்டி இறங்கிப் போனது.

அவர் நிமிர்ந்து மேலே தேடினார். என்னைப் பார்த்ததும் காலையிலிருந்து முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"ஏம்மா, ரெண்டாவது மாடிகிட்ட கர்ருன்னு ஒரு சத்தம் வருது. அது என்னன்னு உன் மாமாகிட்ட கேட்டுச் சொல்லு."

சரி மேடம் என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார். சவுண்டு என்னைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி சொல்றாங்க? பாஸா, ஃபெயிலா?"

"உன் மாமான்னு சொன்னாங்கடி," என்றேன்.