ஏழாம் குழி மண்

பெரியகுளம் தாலுகா மகாஜனங்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், ஜில்லா போர்டு மாஜி மெம்பரும், மாந்தோப்பு அதிபரும், மலையடிவாரக் கோல்ப் கிளப்பின் முதல் இந்திய அங்கத்தினரும், ராவ் சாகிப் பட்டம் வருஷந்தோறும் கிட்டத்தட்டக் கிடைக்கப் பெற்றவருமான ஸ்ரீமான் கோட்டைச்சாமி அவர்கள், 1938ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில், உற்றார் உறவினர் புடைசூழ, இன்னும் சாகவில்லை.

அவரைத் தவிர மற்றதெல்லாம் தயாராக இருந்தது. பாடைக்கு வெட்டிய பச்சை மூங்கில் கொல்லையில் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. கொட்டுக்காரர்கள் கொட்டுகளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். துக்கம் விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. துக்கம் விழாததால் வேளை தவறாமல் உலை கொதித்தது. தேவதானப்பட்டிச் சம்பந்திகள் ஒவ்வொரு வேளையும் ‘இந்த ஒரு வேளை மட்டும்’ என்று சொல்லிக்கொண்டே இலையில் உட்கார்ந்தார்கள்.

பொன்னாத்தாள் புருஷன் தலையை மடியில் தாங்கி, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையை அவர் வாயோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது பால் அல்ல. கிணற்றடி வயலின் மண்ணைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர். கோட்டைச்சாமி அதை வாங்கி, நாக்கைச் சுழற்றி, கமிட்டிக் கூட்டத்தில் காப்பியை ருசி பார்ப்பவர்போல் யோசித்து, விழுங்கினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவர் நெஞ்சைப் பார்த்தார்கள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

“இதுவும் இல்ல,” என்றாள் இருளம்மாள்.

அவள் கோட்டைச்சாமிக்குச் சித்தப்பா மகள். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தாலும், டாக்டர் கையை விரித்த மறு நிமிஷம் அவளுக்குத்தான் ஆள் போகும்.

“மண்ணாச விடமாட்டேங்குது மதினி. எந்த மண்ணு மேல உசுரு ஒக்காந்திருக்கோ, அந்த மண்ணு தொண்டையில எறங்குனாத்தேன் அண்ணன் கண்ண மூடுவாக. இன்னும் எந்தக் காடு பாக்கி?”

அதிகம் பாக்கி இல்லை. மாந்தோப்பு மண் ஆயிற்று. தென்னந்தோப்பு மண் ஆயிற்று. பங்காளியோடு கோர்ட்டில் கிடக்கும் வரப்பின் மண்ணைக் கொடுத்தபோது கண் லேசாகத் திறந்தது, கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது, கண் மூடிக்கொண்டது. மனிதர் ஆஸ்தியில் முக்கால்வாசியைக் குடித்துவிட்டார்.

பேச்சு நின்றுபோயிருந்தது. கைகள் ஓய்ந்திருந்தன. கால்கள் மட்டும் சும்மா கிடக்கவில்லை. வலது கால் விரல்கள் இடது குதிகாலைத் தேடிப்போய் அழுத்தித் தள்ளும். கொஞ்சம் கழித்து இடது கால் வலதைத் தேடும். எறும்பு கடிக்கிறது என்று விரிப்பை உதறினார்கள். அரிப்பு என்று வேப்பெண்ணெய் தடவினார்கள். கால்கள் யார் வைத்தியத்துக்கும் கட்டுப்படவில்லை.

அந்த நேரத்தில்தான் கோல்ப் கிளப்பின் காரியதரிசி ஜெபமணி வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பாலாடையையும் கரைக்க எடுத்துவைத்திருந்த மண் உருண்டைகளையும் ஒரு பார்வை பார்த்தார். மூடநம்பிக்கை என்று கண்டிப்பாரோ என மகன் பொன்னுராஜ் கூசினான். ஆனால் ஜெபமணி, மாணவன் கணக்கை நடுவில் தப்பவிட்டதைக் கண்டவர்போலத் தலையை ஆட்டினார்.

“மண்ணு சரிதான். எடம்தான் தப்பு. இவர் உயிர் இருக்கிறது ஏழாம் குழியில.”

“அது எந்தூருக் காடு?” என்றாள் இருளம்மாள்.

ஜெபமணி விளக்கினார். கேட்கிற எவருக்கும் பைத்தியம் பிடிக்காமல் கோல்ப்பை விளக்குவது கஷ்டம். வளைந்த மட்டையால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிக்க வேண்டும். அது போன இடத்துக்கு நடந்துபோய்த் திரும்பவும் அடிக்க வேண்டும். தூரத்தில் கொடி நட்ட குழிக்குள் அது விழுந்தால், அடுத்த குழிக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் படித்தவர்கள் வெயிலில் காசு கட்டிச் செய்கிறார்கள். ஒன்பது குழிகளில் ஏழாவதைப்போல ஒரு சண்டாளக் குழி இந்த ராஜதானியிலேயே கிடையாது என்பது கிளப்பின் ஏகமனதான தீர்மானம். நடுவில் பாறையும் கள்ளியும் நிறைந்த ஓடை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று பந்தை அடித்தவன் மேலேயே திருப்பி எறியும். ஓடைக்கு அப்பால் மேடு. மேட்டில் எண்ணெய் கலந்து கெட்டித்த வட்ட மணல். மணலின் நடுவில் குழி. சப்கலெக்டர் ஒருவர் அங்கே மட்டையை முழங்காலில் வைத்து முறித்திருக்கிறார். கோடைக்கானலில் கோப்பை வாங்கிய எஞ்சினியர் துரை, பைபிளில் இல்லாத வார்த்தைகளை ஜெபமணி காதுபடவே சொல்லியிருக்கிறார்.

“நாங்க எல்லாரும் ஓடையிலேயே மாட்டிக்குவோம். இவர் மட்டும் ஒரே அடியில தாண்டிருவார்மா,” என்றார் ஜெபமணி, பொன்னாத்தாளைப் பார்த்து. “பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி வந்து நிக்கும். ஒரு முழம்! சின்னப் பிள்ளை தள்ளினாக்கூட விழுந்திரும். அங்கதான் இவருக்குக் கை ஓடாது. குழியைப் பார்த்துக்கிட்டே நிப்பார். அப்புறம் பந்தைக் கையில எடுத்துக்கிட்டு எட்டாவதுக்கு நடந்திருவார். கப்பு ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு முழத்துலதான் போச்சு.”

பொன்னாத்தாள் பாலாடையைக் கீழே வைத்தாள்.

“இதுல ஒரு நுட்பமும் உண்டு,” என்று ஜெபமணி குரலைத் தாழ்த்தினார். “மணல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி பூட்ஸைக் கழட்டிருவார். குனியமாட்டார், ஒரு காலால இன்னொரு காலை மிதிச்சே கழட்டுவார். வெறும் பாதத்துல மண்ணோட சாய்மானம் தெரியும் போல. நாங்களும் பிடிச்சுக்கிட்டோம். எஞ்சினியர் துரைகூட இப்ப பூட்ஸையும் மேஜோட்டையும் கழட்டிட்டுத்தான் மணல்ல ஏறுறார். பிரயோஜனம்தான் ஒண்ணும் காணோம். ரகசியத்தைக் கடைசிவரைக்கும் எங்களுக்குச் சொல்லலை.”

பொன்னாத்தாள் புருஷன் கால்களைப் பார்த்தாள். வலது கால் இடது குதிகாலைத் தேடிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு மேற்கே இருந்த அந்த மேட்டுக்கு ஏழாம் குழி என்று பெயர் வருவதற்கு முன்னால் ஆத்திமரத்துக் காடு என்று பெயர். அவர்களுடைய மூத்த பிள்ளை மலையம்மாளை அங்கேதான் புதைத்தது. முன்பல் விழுந்து முளைக்காத வயசு, விஷக் காய்ச்சல். பிஞ்சுகளை எரிப்பதில்லை, சொந்தக் காட்டில் மரத்தடியில் புதைப்பார்கள். கோட்டைச்சாமி துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பொன்னாத்தாள் தெருமுனைவரைதான் போனாள். அதற்கு மேல் பொம்பளைகள் வரும் வழக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்தை அவள் பார்க்கவே இல்லை.

பிறகு ஒரு வருஷம் துரைமார் வந்தார்கள். அந்த மேடு கோல்ப்புக்கென்றே ஆண்டவன் படைத்தது என்றார்கள். கோட்டைச்சாமி காட்டைக் கிரயம் வாங்காமலே எழுதிக் கொடுத்தார். கிளப்பில் இடம் கிடைத்தது. பட்டம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். புது பூட்ஸ் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் அவர் நின்றபோது பொன்னாத்தாள் பின்னால் வந்து கேட்டாள்.

“ஆத்திமரத்தடியும் சேத்தா?”

“தொரைக்கு அந்த மேடுதேன் புடிச்சிருக்காம்,” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பிள்ளையின் பெயர் வரவில்லை. அவளும் எடுக்கவில்லை. சோறு போட்டாள், பொன்னுராஜைப் பெற்றாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்ஸுக்கு மெருகு போட்டு வைத்தாள். மறந்துவிட்டாரா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்காமலே வைத்திருந்தாள். இப்போது அவர் போய்விட்டால் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது.

அவள் மடியிலிருந்த தலையை இருளம்மாள் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். கொல்லையில் கிடந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டாள்.

“ஆத்தா, எங்கன கெளம்பிட்ட?” என்று பொன்னுராஜ் வாசலை மறித்தான். “ஒச்சாண்டிய அனுப்பி ஒரு கை மண்ணு அள்ளியாரச் சொல்றேன். அங்கன பொம்பளைக போகக் கூடாது. கிளப்புச் சட்டம்.”

“அன்னைக்கும் இதத்தேன் சொன்னாக,” என்றாள். “நீ அப்பப் பொறக்கல. தள்ளு.”

கோட்டைச்சாமிக்கு மட்டைப்பை சுமந்த ஒச்சாண்டி வண்டியைப் பூட்டினான். ஓடைக்கரையில் காளைகளை அவிழ்த்துவிட்டு, “அந்தா செவப்புக் கொடி தெரியுதுல்ல, அதுதேன் தாயி,” என்று கை காட்டினான்.

பாறைகளைப் பிடித்து இறங்கி ஏறினாள்; ஒச்சாண்டி பின்னாலேயே வந்தான். மேட்டில் ஏறியதும் காற்று முந்தானையைப் பிடுங்கியது. முன்னால் யாரோ பாவாடை படபடக்க ஓடுகிற சத்தம். பொன்னாத்தாள் நின்றாள். சத்தம் நிற்கவில்லை. கொடிதான். அது கொடி என்று தெரிந்த பிறகும் அவளால் சட்டென்று நடக்க முடியவில்லை.

கறுத்த வட்டமான மணல். ஒரு காலடி கிடையாது. மரமும் கிடையாது.

“மரம் எங்கடா?”

“தொரை வெட்டச் சொல்லிட்டாரு. வேரத் தோண்ட மட்டும் அய்யா விடல. ‘ஏலே, கீழ கைய வைக்காதீக’ன்னு கத்துனாக. தொரை முன்னால அவுக கத்தி அன்னைக்குத்தேன் பாத்தேன்.” ஒச்சாண்டி மணலுக்கு வெளியிலேயே நின்றான். “நான் இதுக்கு மேல வரமாட்டேன் தாயி. மட்டை தூக்குற ஆளுக ஆரையும் அய்யா ஏற விடமாட்டாக. எல்லாரும் வீட்டுக்குப் போன பொறவு சாக்க இழுத்து மணலச் சமன் பண்ணுறதும் அவுகதேன். என்னிய ஓடைக்கு அங்கிட்டு நிக்கச் சொல்லிருவாக.”

“என்ன பண்ணுவாக?”

“நான் அங்கிட்டுல்ல நிப்பேன் தாயி.”

அவள் மணலில் கால் வைத்தாள். வெறுங்கால்தான், கழற்ற எதுவும் இல்லை. கொடியைப் பிடுங்கிப் படுக்கவைத்தாள். குழிக்குள் ஒரு தகரக் குவளை பதித்திருந்தது. களைக்கொத்தால் சுற்றிலும் நெம்பி அதை வெளியே எடுத்தாள். எண்ணெய் நாற்றம். பக்கத்து மணல் சரிந்து உள்ளே விழுந்தது. அள்ளி வெளியே போட்டாள். முழங்கைவரை கையை விட்டபோது மணல் முடிந்து செம்மண் வந்தது. வெளியே அத்தனை வெயில் அடித்தும் அது குளிர்ந்து கிடந்தது. விரலில் ஒரு வேர் சிக்கியது. அதை இழுக்காமல் விட்டுவிட்டாள்.

செம்பு கொண்டுவர மறந்திருந்தாள். மண்ணைத் தகரக் குவளையிலேயே போட்டுக்கொண்டாள்.

கிளம்ப எழுந்தவள் திறந்து கிடந்த குழியைப் பார்த்தாள். ஓடைக்கரைக்கு இறங்கி முந்தானையில் மண் கட்டி வந்து குழிக்குள் கொட்டினாள். மேலே மணலைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டினாள். கெட்டித்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மணலோரம் கிடந்த சாக்கை எடுத்துத் தன் காலடிகள் மேல் இழுத்தாள். கொடியை எடுத்து இருந்த இடத்திலேயே ஊன்றினாள்.

ஒச்சாண்டி ஓடைப்பக்கம் திரும்பி நின்று, காளைகளுக்குத் தண்ணி காட்ட வேண்டும் என்று காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பியபோது சம்பந்திகள் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருந்தார்கள். பொன்னாத்தாள் யாரையும் பார்க்காமல் மண்ணைக் கரைத்தாள்; தெளியக் காத்திருக்கவில்லை. தலையை மடிக்கு வாங்கி, அவர் காதருகே குனிந்தாள்.

“ஆத்திமரத்தடி மண்ணுங்க,” என்றாள். “மலையம்மா மண்ணு.”

கூடத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது.

கோட்டைச்சாமி வாங்கினார். நாக்கைச் சுழற்றவில்லை. வலது கால் இடது குதிகாலைத் தேடி அழுத்தியது. இடது கால் வலதை அழுத்தியது. பிறகு விரல்கள் பத்தும் விரிந்து, பாதம் இரண்டும் எதன் மேலோ பதிந்ததுபோல் நின்றன. நெஞ்சு ஏறியது. இறங்கியது. கூட்டம் காத்திருந்தது. அவ்வளவுதான்.

“போயிட்டாக,” என்றாள் இருளம்மாள்.

பொன்னாத்தாள் அவர் கால்களைச் சேர்த்துப் பிடித்தாள். பெருவிரல்களைக் கட்டத் துணி வரும்வரை விடவில்லை. வெளியே சீட்டுகள் சிதறின, கொட்டு எழுந்தது.

“பாத்தீங்களா!” என்றார் ஜெபமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கடைசி மூச்சுலகூட ஆட்டம்!”

கிளப்பின் அனுதாபக் கூட்டத்தில் அவர் அதை ஒரு மணி நேரம் விரித்துப் பேசினார். தீர்மானங்கள் நிறைவேறின. மாண்ட மாவீரர் நினைவாக ஒரு பந்தயம் என்றும், மற்ற எட்டு குழிகளை விட்டுவிட்டு ஏழாம் குழியை மட்டுமே ஆடுவதென்றும், முதலில் பந்தைப் போடுபவருக்குக் கோட்டைச்சாமி ஞாபகார்த்த வெள்ளிக்கோப்பை என்றும் முடிவாயிற்று. கோப்பைக்குப் பொன்னுராஜ் ஏற்பாடு செய்தான். பொன்னாத்தாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தகரக் குவளையைக் கழுவி அடுக்களைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. துரைமார், தாசில்தார், வக்கீல்கள், ஜெபமணி எல்லாரும் காலையிலிருந்து ஓடையில் பந்தைத் தேடினார்கள். கள்ளியில் கிழித்துக்கொண்டார்கள். உச்சிவேளைக்கு ஒருவர் பின் ஒருவராக மேடேறி, மணலோரம் வரிசையாக நின்று, தொப்பியை எடுத்து, ஒரு நிமிஷம் மௌனம் காத்து, பூட்ஸைக் கழற்றினார்கள். எஞ்சினியர் துரை வெறுங்காலோடு நடந்துபோய்க் கொடியைப் பிடுங்கினார்.

குழி இல்லை.