வெட்டாத பதிவு

ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அக்கா போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அடுத்து மாமா நம்பரிலிருந்து வந்தது. மாமாதான் என்று நினைத்து எடுத்துத் தொலைத்தேன்.

"உடனே கிளம்பி வா."

"தூங்கணும்க்கா."

"என் வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டு உனக்கு என்னடா தூக்கம்?"

அக்கா எப்போதும் இப்படித்தான். பால் பொங்கி வழிந்தாலே அவள் வாழ்க்கையில் மண் விழுந்துவிடும். ஆனால் இந்தத் தடவை கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதனால்தான் எழுந்து சட்டையை மாட்டினேன்.

அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களின் வீங்கிய கன்னத்தைப் பார்த்து டோக்கன் கொடுக்கிறாள். மிச்ச நேரத்தில் வயலின் வாசிக்கிறாள். நன்றாகவே வாசிப்பாள். தம்பி என்பதால் சொல்லவில்லை. தம்பி என்பதால் குறைத்துத்தான் சொல்கிறேன். நகர வாத்தியக் குழுவில் வயலினுக்கு ஓர் இடம் காலி. நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள்தான் கேட்கலாம். அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பது. பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து வாசித்த பதிவை அனுப்ப வேண்டும்; ஒரே பாட்டு, முதலிலிருந்து கடைசி வரை, எங்கேயும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. அதற்காக நூலகத்து மாடி அரங்கைக் கேட்டு வாங்கி, பல் டாக்டர் முதல் பேப்பர் போடுகிறவர் வரை கூட்டிவந்து உட்காரவைத்து, பியானோ டீச்சரைக் கெஞ்சி வரவழைத்து, நேற்று மாலை இரண்டு பாட்டு வாசித்தாள். ஒன்று வேகமானது, ஒன்று நிதானமானது. எது நன்றாக வருகிறதோ அதை அனுப்புவதாகத் திட்டம். இன்று மாலைதான் கடைசி.

பதிவு செய்வது என் பொறுப்பு. செய்தேன். முடிந்ததும் பதிவுக் கருவியை அக்கா கையில் கொடுத்துவிட்டு நேராக வேலைக்குப் போய்விட்டேன்.

கதவைத் திறந்தது மாமா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறவர். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"வா மாப்ள. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உட்காரு."

அக்கா சாப்பாட்டு மேசையில் இருந்தாள். முன்னால் பதிவுக் கருவி, ஸ்பீக்கர், ஆறிப்போன காபி. பொத்தானை அழுத்தினாள்.

வேகமான பாட்டு. பியானோ ஓடியது, வயலின் அதன் மேல் ஏறியது. நேற்றுக் கேட்டதைவிட நன்றாக இருந்தது.

டக்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச தூரம். டக். அப்புறம் அவள் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கிற இடம். டக் டக் டக்.

"முதல்ல நான் ரிலே சுவிட்சுன்னு நினைச்சேன்," என்றார் மாமா. "பழைய லிஃப்ட்ல மாடி மாறும்போது இப்படித்தான் அடிக்கும். உன் அக்காதான் சொன்னா, லிஃப்ட் இல்ல, என் தம்பின்னு."

என் கேமரா. பழசு. உள்ளே இருக்கிற கண்ணாடி ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி விழும். அந்தச் சத்தம் பிடித்துத்தான் அதை வாங்கினேன். அரங்கில் யாருக்கும் அது பெரிதாகக் கேட்டிருக்காது. ஆனால் என்னிடம் ஒரே ஒரு ஸ்டாண்ட். அதில் கேமராவையும் பதிவுக் கருவியையும் ஒன்றாக மாட்டியிருந்தேன். கருவியின் காதுக்குள்ளேயே கேமரா தும்மியிருக்கிறது.

"படம் எடுக்கச் சொன்னேனா நான்?" என்றாள் அக்கா.

"இல்ல."

"என்ன சொன்னேன்?"

"பதிவு பண்ணச் சொன்ன."

"பின்ன?"

பின்ன என்ன சொல்வது? நான் வேலை பார்ப்பது ஒரு கிடங்கின் கண்காணிப்பு அறையில். பதினாறு திரை, எதிலும் சத்தம் கிடையாது. காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் திரைகளைப் பார்ப்பேன். நாலு வருடமாக இதுதான். பாட்டு ஏறும்போது கண்ணுக்கு ஒரு படம் வேண்டியிருக்கிறது. நேற்றும் பாட்டு ஏறியது, விரல் அழுத்தியது. இதை அக்காவிடம் சொன்னால் ஸ்பீக்கர் என் தலைக்கு வரும்.

"கை பழக்கம்," என்றேன்.

"சிகரெட்டா அது, கை பழக்கம்னு சொல்ல?"

"சத்தம் வராம எடுக்கிற வசதி அதுல இல்லையா மாப்ள?"

"இல்ல மாமா."

"சரி, படமாவது உருப்படியா இருக்கா? விண்ணப்பத்துக்கு ஒரு போட்டோ வேணுமாம்."

கேமராவைக் கொண்டுவந்திருந்தேன். காட்டினேன். எல்லாப் படத்திலும் அக்காவுக்குக் கண் மூடியிருந்தது. சிலதில் வில் மூக்குக்குக் குறுக்கே இருந்தது. எனக்கு அந்தப் படங்கள் பிடித்திருந்தன. அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டோக்கன் கொடுக்கும்போது கண்டிப்பாக இல்லை.

"தூங்கிக்கிட்டே வாசிச்சியாம்மா?" என்றார் மாமா.

"நீங்க வாயை மூடுங்க."

கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை மட்டும் வடிகட்ட முடியுமா என்று மாமா ஏற்கெனவே முயன்றிருந்தார். போட்டுக் காட்டினார். 'டக்' குறைந்திருந்தது. வயலின் கொசுவாகியிருந்தது. வாத்தியக் குழுக்காரர்கள் கண்டுபிடித்தால் விண்ணப்பமே தள்ளுபடி என்று அக்கா சொன்னாள். மறுபடி வாசிக்கவும் வழியில்லை. பியானோ டீச்சர் மகள் பிரசவத்துக்கு விடிகாலையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

"நிதானமான பாட்டு இருக்கே," என்றேன். "அதுல ஒரு 'டக்' கூட இருக்காது."

அக்கா முகம் மாறியது. அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி நிமிர்ந்தாள்.

"ஆமா, இருக்காது. ஏன் இருக்காது? நல்லா வாசிச்சதெல்லாம் படம் பிடிச்ச. சொதப்பினதும் ஐயோ பாவம்னு விட்டுட்ட. அப்படித்தானே?"

நிதானமான பாட்டின் நடுவில் அவளுக்கு வில் வழுக்கிவிட்டது. ஒரு சுரம் கீச்சென்றது. அதைச் சரிசெய்யப் போய் அடுத்த இரண்டையும் விட்டாள். பியானோ கொஞ்ச தூரம் தனியாகப் போனது. அப்புறம் சேர்ந்துகொண்டாள். நேற்று மேடையை விட்டு இறங்கும்போதே அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ சொதப்பறதுக்கு முன்னாடியே நான் கேமராவிலேர்ந்து கையை எடுத்துட்டேன்," என்றேன்.

"எதுக்கு?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"வேகமான பாட்டைக் கேட்கலையா?"

"அதைக் கேட்டேன், படமும் எடுத்தேன். இதைக் கேட்க மட்டும்தான் முடிஞ்சுது. இதையே அனுப்புக்கா. ரெண்டுல இதுதான் நல்ல வாசிப்பு."

சொல்லி முடித்ததுமே தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டேன் என்று.

"பார்த்தீங்களா?" என்று மாமாவிடம் திரும்பினாள். "எவ்வளவு வசதியா இருக்கு பாருங்க. வேகமானதை அனுப்பினா இவன் தப்பு இருக்கிறது போகும். நிதானமானதை அனுப்பினா என் தப்பு இருக்கிறது போகும். ஐயாவுக்கு எது நல்ல வாசிப்புன்னு தோணுது? என் தப்பு இருக்கிறதுதான்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நீ நிஜமா எதையாவது முழுசா முடிச்சிருக்கியாடா? காலேஜை மூணாவது வருஷத்துல விட்டுட்டு வந்தப்பவும் நிஜமாத்தான் சொன்ன, வாத்தியாருங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியலைன்னு."

அது உண்மை. அவர்களுக்குத் தெரியாதுதான். ஆனால் இது அதற்கான நேரமில்லை.

எரிச்சலாக வந்தது. பொய் சொன்னால் நம்புகிறவர்கள் உண்மை சொன்னால் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கும் இதில் லாபம் இருக்கிறது என்பதாலேயே என் காது செவிடாகிவிட்டது.

"சரி, வேகமானதையே அனுப்பு. சத்தம் எங்கிருந்து வருதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். முதல் வரியிலேயே தம்பி மேல பழியா? விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"தாளக் கருவி: தம்பின்னு போட்டுடலாம்," என்றார் மாமா.

அக்கா மேசையிலிருந்த தேக்கரண்டியை எடுத்தாள். மாமா எழுந்து சமையலறைக்குப் போனார்.

"நிதானமான பாட்டை நீ முழுசாக் கேட்டியா?" என்றேன்.

"எத்தனை தடவை கேட்கிறது? காலையிலேர்ந்து அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"முழுசா?"

பொத்தானை அழுத்தினாள். நிதானமான பாட்டு ஆரம்பித்தது. கைகளைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் தீர்ப்பு கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வில் வழுக்கியது. கீச். "ச்சீ" என்று அணைத்தாள்.

"மறுபடி போடு."

போட்டாள். கீச். ச்சீ. அணைத்தாள்.

மூன்றாவது தடவையும் அதேதான். காலையிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கீச்சுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மேடையில் இருந்தபோது பயத்தில் கேட்டிருக்க மாட்டாள். வீட்டில் ஆத்திரத்தில் கேட்கவில்லை.

"அதுக்கப்புறம் கேளுக்கா."

"அதுக்கப்புறம் என்ன இருக்கு? தலை போனப்புறம் வால் எப்படி இருந்தா என்ன?"

கருவியையும் ஸ்பீக்கரையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு எழுந்தேன். பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்து வெளிப்பக்கம் தாழ் போட்டேன். முதலிலிருந்து வைத்து, சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினேன்.

அக்கா வந்து கண்ணாடியைத் தட்டினாள். "டேய்! திறடா!"

பக்கத்து பால்கனியில் ஒருவர் ஈரப் பனியனை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமையும் நிம்மதி இல்லையா?"

"கொஞ்சம் பொறுங்க சார். ஒரே பாட்டு."

"டேய், மானத்தை வாங்காதே! ஊருக்கே போட்டுக் காட்டுறியா?"

கீச். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பியானோ தனியாகப் போனது. பனியன்காரர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், எதையோ காணோம் என்பதுபோல. வயலின் திரும்ப வந்தது.

அதுவரைக்கும் அவள் பரீட்சை எழுதுகிறவளைப் போல வாசித்திருந்தாள். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே கோடு போட்டுக்கொண்டு. அதற்கப்புறம் பரீட்சை போய்விட்டது. தோற்றாயிற்று, இனி யாருக்குக் காட்ட வேண்டும்? அவசரமே இல்லாமல், வில்லை அது போகிற தூரம் போகவிட்டு வாசித்திருந்தாள். அந்தப் பாட்டை அவள் நூறு தடவை வாசித்து நான் கேட்டிருக்கிறேன். அது இவ்வளவு நீளமான, இவ்வளவு சும்மா இருக்கிற பாட்டு என்று எனக்கு நேற்றுவரை தெரியாது.

கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். காதிலிருந்து கையை எடுத்திருந்தாள். கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தாள், யாரோ தெரியாத ஆள் தன் வீட்டுச் சாவியோடு வந்து நிற்பதைப் போல.

பாட்டு முடிந்தது. பதிவில் கைதட்டல் கேட்டது. தாழை எடுத்தேன்.

உள்ளே வந்த என்னை அவள் அடிக்கவில்லை. கருவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கடைசிச் சுரம் கொஞ்சம் இறங்கியிருக்கு," என்றாள்.

"இருக்கலாம்."

"பியானோவும் ஒரு இடத்துல முந்திடுச்சு."

"சரி."

"அந்த இடத்துல நான் அவ்வளவு மெதுவாவா போனேன்?"

"போன."

"யாரும் அவ்வளவு மெதுவாப் போக மாட்டாங்க."

"அதான் சொல்றேன்."

மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எந்த மாடிம்மா? ஏறவா, இறங்கவா?"

அக்கா கம்ப்யூட்டரைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். போட்டோவுக்கு அடையாள அட்டையில் இருந்த, பேய் அறைந்தது போன்ற படத்தைப் போட்டாள். நிதானமான பாட்டை ஏற்றினாள். இன்னொரு தடவை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்றாள். கேட்டால் அனுப்ப மாட்டாய் என்றேன். முறைத்தாள். அனுப்பினாள்.

"கிடைக்கலைன்னா உன்னை விட மாட்டேன்."

"கிடைச்சா?"

"கிடைச்சாலும்தான். முதல் பாட்டை நீ நாசம் பண்ணினது பண்ணினதுதான்."

அதில் எனக்கும் மறுப்பு இல்லை. வீட்டுக்குப் போகிற தெம்பும் இல்லை. சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினேன். உடம்பு கல்லாக இறங்கியது. தூக்கம் வந்து தொட்ட நேரத்தில் உள்ளறையில் வயலின் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

வில் வழுக்கிய அந்த இடம். ஒரு சுரம், அடுத்து இரண்டு. சரியாக வந்தது. மறுபடி. சரியாக வந்தது. மறுபடி.

"அக்கா, அனுப்பியாச்சு!" என்று கத்தினேன்.

"தெரியும். நீ தூங்கு."

மறுபடி.