பிளைவூட்டில் ஒரு கல்முனை

பர்ஸானின் மெஷினில் மரம் அறுக்கும் வாள் என்று சொல்லும்படியாகப் பெரிதாக ஒன்றுமில்லை. நூல் கனத்தில் ஒரு அலகு மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டிருக்கும். பலகையை அதற்கு முன்னால் பிடித்துத் திருப்பினால், கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் அறுத்துக்கொண்டு போகும். ஸ்க்ரோல் சோ என்று அதற்குப் பெயர். கட்டாரில் ஒரு வேலைத்தலத்தில் அதன் முன்னாலேயே பல வருஷம் நின்றவன், ஊருக்கு வரும்போது பழையது ஒன்றை வாங்கிப் பொதி செய்து அனுப்பிவிட்டான். கல்முனைக்குடியில், மனைவி சுல்பிகாவின் வீட்டுப் பக்கத்தில் தகரம் இறக்கிய கொட்டிலில் அது நின்றது. வீட்டுப் பெயர்ப் பலகைகள், சுவர் மணிக்கூடுகள், பாலர் பாடசாலைப் பிள்ளைகள் துண்டு துண்டாகப் பொருத்தி விளையாடும் படங்கள் என்று வேலை வந்துகொண்டிருந்தது.

அறுத்த துண்டுகளை உரசித் தேய்ப்பது சுல்பிகாவின் தங்கச்சி ஹிமாயா. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அரபு மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவிட்டு வந்தாளென்றால், பின்னேரங்களில் கொட்டிலில் உட்கார்ந்து மட்டத்தாள் என்கிற உப்புத்தாளால் தேய்ப்பாள். கண்ணுக்குப் படாத சிலும்பு அவளுடைய விரலுக்குப் படும்.

ஒரு நாள் இலங்கைப் படம் ஒன்றை மாவட்டம் மாவட்டமாக அறுத்துக்கொண்டிருந்தான் பர்ஸான். கல்முனை இருக்கும் அம்பாறைத் துண்டு அவள் கைக்குப் போனது. அதைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இதில எங்கட ஊரு எங்க இரிக்கி?"

அவளுடைய விரலைப் பிடித்து ஓரத்தில் ஒரு இடத்தில் வைத்தான்.

"இந்தா, இந்த இடத்தில. ஒரு புள்ளி மாதிரி."

"புள்ளியா?" என்றாள். துண்டின் விளிம்பை மறுபடி ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு, "எல்லாரும் கடக்கரப் பக்கம், வயல் பக்கம், மெயின் ரோட்டுப் பக்கம் எண்டு கதைக்கிற. எனக்கு எல்லாம் ஒவ்வொரு சத்தம்தான். ஒண்டோட ஒண்டு எப்பிடி ஒட்டியிரிக்கி எண்டு தெரியா" என்றாள்.

முறைப்பாடாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். பர்ஸானுக்குத்தான் அதற்குப் பிறகு கை வேலையில் நிற்கவில்லை.

அன்றைக்கே தொலைபேசியில் வானத்திலிருந்து எடுத்த ஊர்ப்படத்தைப் பார்த்தான். அதைப் பெரிதாக்கித் தாள் தாளாக அச்சடித்து ஒட்டினான். வடக்கே மருதமுனையிலிருந்து தெற்கே காரைதீவுச் சந்தி வரை. அடியில் ஒரு பலகை கடல். அதற்கு மேல் இன்னொரு பலகை தரை. மெயின் ரோட்டை விரல் நுனி ஓடும் அளவு பள்ளமாக அறுக்க வேண்டும். வயல்களைக் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும். பள்ளிவாசலுக்கு உருண்டை, கோயிலுக்குக் கூர், சேர்ச்சுக்குச் சிலுவை என்று சின்னச் சின்ன முளைகள்.

முதல் முயற்சி பலகையிலேயே கெட்டது. கையிலிருந்தது கட்டட வேலையில் கொங்கிறீட் ஊற்றும்போது தாங்க அடித்த பிளைவூட். வெளித்தோற்றத்தில் திடமாக இருந்தது. அறுக்க அறுக்க உள்ளடுக்கில் வெற்றிடங்கள் வந்தன. அலகு அதற்குள் விழுந்து துள்ளியது. கடற்கரை வளைவு உதிர்ந்து போனது. எஞ்சியதைத் தடவிப் பார்த்த ஹிமாயாவின் சுட்டுவிரலில் சிலாகை ஏறியது. சுல்பிகா ஊசியால் அதை எடுத்துவிட்டு புருஷனைப் பார்த்தாள்.

"கண்ணுக்குக் காட்டுற பலகையில்ல இது. விரலுக்குக் காட்டுறது. நல்ல பலகையா எடுங்க."

நல்ல பலகை என்றால் கொழும்பிலிருந்து வர வேண்டும். வெளிநாட்டு பேர்ச் பிளைவூட், மெல்லிய அடுக்குகள், உள்ளே ஓட்டையே இராது. ஆனால் அதன் விலை கைக்கு எட்டாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவு, வழுவழுப்பானதும்கூட. கடற்காற்றுப் பட்டால் அது ஊதிவிடும், ஒடுங்கிய இடங்களில் முறிந்தும் போகும். எனவே பாண்டிருப்பில் நிரோசன் மரம் விற்கும் மரக்காலைக்குப் போவதென்று முடிவு செய்தான். ஹிமாயாவும் வருவதாகச் சொன்னாள்.

நிரோசன் பிளைவூட் அடுக்குகளைக் காட்டினான். "இது அலுமாரிப் பின்பக்கத்துக்கு அடிக்கிறது பர்ஸான் நானா. இது கொஞ்சம் பாரம். அங்கால கிடக்கிறது மெஷின் வந்த பெட்டியளப் பிரிச்சது. ஆணி ஓட்டை இருக்கும். அது உங்களுக்குச் சரிவராது."

ஹிமாயா முதல் அடுக்கின் ஓரத்தில் பெருவிரல் நகத்தை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் நகம் உள்ளே இறங்கியது.

"இதுக்குள்ள வெறுமை இரிக்கி" என்றாள்.

அடுத்த பலகையை விரல் முட்டியால் தட்டினாள். நடுவில் தட்டிய சத்தமும் ஓரத்தில் தட்டிய சத்தமும் வேறு வேறாக இருந்தன. வேண்டாமென்று தலையசைத்தாள். நிரோசன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். முதலில் அவசரமாகக் கொடுத்தவன் வரவர மெதுவாகக் கொடுத்தான். அவள் நகம் ஓடும்போது அவனும் மூச்சுவிடாமல் பார்த்தான். பலகை ஏற்ற வந்த லொறிக்காரரும் இறங்கி வந்து நின்றார்.

கடைசியில் பெட்டிப் பலகைக் குவியலுக்குப் போனாள். அதில் பலதையும் தள்ளிவிட்டு ஒன்றை வெளியே இழுத்தாள். நகம் எங்கும் இறங்கவில்லை. தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். பலகையை மூக்கருகே கொண்டுபோய் மணந்தாள்.

"பசை நல்லாக் காஞ்சிரிக்கி. ஆணி ஓட்டையெல்லாம் ஓரத்திலதான். அது கடலுக்குள்ள போயிடும். இது போதும் மச்சான்."

நிரோசன் பலகையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான். கொஞ்சமும் வளைவு இல்லை. "இவ்வளவு நாளும் இத அடுப்புக்குக் கொடுத்தனே" என்றான்.

அதன்பின் பர்ஸான் தன் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்தான். கரையோரத்தை அறுத்த நாளில், முடிந்த பிறகே காட்ட வேண்டுமென்று, ஹிமாயாவை உள்ளே விடவில்லை. மிக மெல்லிய அலகைப் பூட்டி, பலகையைத் தள்ளாமல், அது போகிற போக்குக்கு விட்டுக்கொண்டு அறுத்தான். அந்தப் பெட்டிப் பலகை வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. எத்தனையோ பெயர்ப் பலகை அறுத்தவனுக்குத் தான் நடந்து திரியும் மண் தன் கைக்குள் விளிம்பு விளிம்பாகப் பிரிந்து வருவது புதிதாக இருந்தது. இடையிடையே மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்த அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்ப் பலகையை வீட்டு மண்டபத்து மேசையில் வைத்தான். சுல்பிகா நின்றாள். அக்கா தங்கச்சி இருவரின் வாப்பா ஸைனுலாப்தீன் யன்னலோரக் கதிரையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கரைவலைத் தோணி வைத்திருந்தவர். சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்கே போகாதவர். அதைப்பற்றி அவரிடம் யாரும் கேட்பதுமில்லை.

ஹிமாயா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி வலது கையை வைத்தாள்.

"ஒங்கட சின்ன விரல் இரிக்கிற இடம் கடல்" என்றான் பர்ஸான். "மேல போனா மருதமுன. கீழ காரதீவு."

விரல் அலைக் கோடுகளில் ஊர்ந்து கரையில் ஏறியது. மெயின் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்ததும் நின்றது. பிறகு அந்தப் பள்ளத்தோடு மேலே போய்க் கீழே வந்தது. உருண்டை முளையைத் தொட்டாள். "இது எங்கட பெரிய பள்ளி." கூர் முளையைத் தொட்டாள். "பாண்டிருப்புக் கோயில். திருவிழாவில வெடிச்சத்தம் இஞ்சயிருந்துதான் வாற." இன்னும் இடப்பக்கம் போனாள். கட்டம் கட்டமாக வயல். அதற்கப்பால் கிட்டங்கிப் பாதை, நாவிதன்வெளிப் பக்கம்.

திடீரென்று கையை விரித்து அப்படியே ஊரின் மேல் வைத்தாள். சின்ன விரல் கடலில் இருந்தது. பெருவிரல் வயலில் இருந்தது.

"மச்சான், இவ்வளவுதானா? இதுக்குள்ளயா எல்லாரும் இரிக்கிற?"

"ஓம். பள்ளி, கோயில், சேர்ச், சந்த, ஆசுபத்திரி எல்லாம் இதுக்குள்ளதான்."

"ஒரு கைக்குள்ள" என்றாள் மெதுவாக. "எனக்கு இந்த ஊரு முடிவே இல்லாத மாதிரி இரிந்திச்சு."

கையை எடுக்காமல் நின்றாள். சுல்பிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பர்ஸானுக்கும் அந்த ஒடுக்கம் அப்போதுதான் உறைத்தது. வருஷக்கணக்காக மோட்டார் சைக்கிளில் குறுக்கும் நெடுக்கும் ஓடித் திரிந்த ஊர் அது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கமும் தண்ணீர் நிற்கும் வயல். நடுவில் இந்த மெல்லிய கீற்றில் இத்தனை உயிர்.

கதிரை அசையும் சத்தம் கேட்டது. ஸைனுலாப்தீன் எழுந்து வந்தார்.

"மகள், விரலத் தாங்க."

அவளுடைய சுட்டுவிரலைத் தன் கைக்குள் எடுத்துப் பலகையில் வைத்தார். விரல் தரையின் விளிம்பைத் தாண்டி அலைக் கோடுகளில் போய் நின்றது.

"எங்கட பழைய வூடு இஞ்சதான்."

"மாமா, அது கடல்" என்றான் பர்ஸான்.

"இப்ப கடல் மகன். அப்ப தர. தெருவிரிந்திச்சு, மதில் இரிந்திச்சு. எங்கட தோணி அதுக்கும் அங்கால நிண்ட."

சுனாமி வந்த காலையில் பிள்ளைகளின் உம்மாவும் சுல்பிகாவும் கடலுக்குத் தூரமான மத்தியமுகாமில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இருந்தது அவரும் ஐந்து வயது ஹிமாயாவும் மட்டும். அதுவரைதான் எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தை அவர் தன் மனைவிக்குக்கூட, அவள் மவுத்தாகிக் கண்மூடும் வரையில், சொன்னதில்லை.

இப்போது விரலை நகர்த்தினார். "இதால ஓடினன். இந்த ஒழுங்கைக்குள்ள தண்ணி முன்னால வந்து நிண்ட. கிறுகித் திரும்பி இந்தப் பக்கம் போன. ஒங்களத் தோள்ல போட்டிரிந்தன். இந்தா, மெயின் ரோட்டு. இதில நிப்பம் எண்டு நெனச்சன். சனம் ஓடுது, நானும் ஓடினன்." விரல் வயல் கட்டங்களுக்குள் இறங்கியது. "ஒரு வரம்பில விழுந்து கிடந்தன். அது இந்தப் பக்கம்தான்."

விரல் நின்ற இடத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பிப் பார்த்தார்.

"யா அல்லாஹ். இவ்வளவு தூரமா ஓடினன். நான் ரோட்டத் தாண்டிக் கொஞ்சம் எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்ச. ஊர முழுக்க கடந்திரிக்கன்."

ஹிமாயா அந்தப் பாதையைத் தானாக மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கடலிலிருந்து வயல் வரை.

"வாப்பா, எனக்கு ஒரு சத்தம் ஞாபகம். பெரிய சத்தம், விடாமக் கேட்டிச்சு. அத நான் கடல் எண்டு நெனச்சன்."

"கடலாத்தான் இரிக்கும்."

"இல்ல. வரம்பில கிடக்கிற நேரமும் அது கேட்டிச்சு. அங்க கடல் இல்லயே. ஒங்கட மூச்சு அது."

ஸைனுலாப்தீன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மகளின் தலையில் கை வைத்தார். வெளியே ஒரு ஓட்டோ போய் ஓசை அடங்கும் வரையில் அவர்கள் அப்படியே நின்றார்கள்.

அடுத்த நாள் காலை அவரே கொட்டிலுக்கு வந்தார். "மகன், அந்தக் கடலுக்குள்ள போன கரைய வெட்ட ஏலுமா?" என்று கேட்டார்.

பர்ஸான் தாளை விரித்தான். அவர் சொல்லச் சொல்லக் கோடு போட்டான். பழைய தெரு எங்கே வளைந்தது, தோணித்துறை எங்கே, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று எல்லாம் சொன்னார். பெட்டிப் பலகையில் மிஞ்சியிருந்தது ஒரு நீளத் துண்டு மட்டும். அது பிழைத்தால் வேறு இல்லை. கீற்று அவ்வளவு ஒடுக்கமாக வர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பழைய கரை, மறு பக்கம் இப்போதைய கரை. அறுக்கும் நேரமெல்லாம் மாமனார் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் அலகு ஒருமுறை இறுகியது. பர்ஸான் கையைத் தளர்த்தினான். அலகு தானாக விடுபட்டு வளைவில் திரும்பியது. மலிவுப் பலகையின் அடுக்குகள் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

கீற்றை மேசைக்குக் கொண்டுவந்து ஊரின் விளிம்போடு வைத்தார்கள். வளைவு வளைவோடு சேர்ந்து பொருந்தியது. ஹிமாயா பொருத்தின் மேல் விரலை ஓட்டினாள். இடைவெளி தெரியவில்லை. பிறகு கீற்றைக் கழற்றி எடுத்தாள். ஒரு தெரு முழுவதும் அவளுடைய உள்ளங்கையில் கிடந்தது. கடல் இருந்த இடத்தில் கடல் இருந்தது. திரும்ப வைத்தாள். தெரு வந்துவிட்டது. ஸைனுலாப்தீன் அவளுடைய விரலை நகர்த்தி நகர்த்திப் பெயர்களைச் சொன்னார். அதில் பாதிப் பேர் இப்போது இல்லை. அவர் குரல் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போனார்.

கேள்விப்பட்ட அயலவர்கள் வந்தார்கள். அந்தத் தெருவில் இருந்தவர்களும் வந்தார்கள். கண் தெரிந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு தடவினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், "கடலுக்குப் போவம் வாப்பா" என்றாள் ஹிமாயா. அவர் மறுப்பார் என்று சுல்பிகா நினைத்தாள். அவர் தொப்பியை எடுத்துப் போட்டார்.

நால்வரும் நடந்தார்கள். ஹிமாயா யாருடைய கையையும் பிடிக்கவில்லை. கோலை மட்டும் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். ஒழுங்கை வரும் இடத்தில், "இப்ப வலக்கைப் பக்கம்" என்று அவளே சொல்லித் திரும்பினாள். மணல் வந்ததும் செருப்பைக் கழற்றினாள். அலை காலைத் தொட்ட இடத்தில் நின்று, கடலுக்கு முகம் கொடுத்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

"இந்தக் கை மருதமுன" என்றாள். "இந்தக் கை காரதீவு. முதுகுக்குப் பின்னால மெயின் ரோட்டு, அதுக்குப் பின்னால வயல், அங்கால கிட்டங்கி." கொஞ்சம் நிறுத்தினாள். "முன்னால எங்கட தெரு."

ஸைனுலாப்தீன் சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பர்ஸானும் சுல்பிகாவும் கரையிலேயே நின்றுகொண்டார்கள்.