சோலைமுத்துவின் தொலைந்த லீவு

ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் சோலைமுத்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எனக்கு லீவு எப்ப?" என்பதுதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லீவில் ஊருக்குப் போய், கல்யாணம் கட்டி, வளைகுடாவில், ரோலா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் ரூமுக்குத் திரும்பி, மறுபடியும் டூட்டியில் ஏறிய ஆள் அவன். ஒரு நாள் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது, லீவைக் காப்பாற்றவில்லை. என் பெயர் முனியசாமி என்பது தெரிந்தது, ரூமில் யார் குறட்டை விடுவார்கள் என்பது தெரிந்தது. கட்டின பெண்டாட்டியை மட்டும் தெரியவில்லை.

ஞாபகம் தானாக வரலாம், வராமலும் போகலாம், யாரும் வற்புறுத்த வேண்டாம் என்றார் டாக்டர். சும்மா இருக்கும் பழக்கம் எங்கள் ரூமில் யாருக்கும் கிடையாது.

பேச்சிலர் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போய்க் கல்யாணம் முடித்து வருகிறவன் கல்யாண சிடியோடு வரவேண்டும். வெள்ளிக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு ரூமே உட்கார்ந்து அதைப் பார்க்கும். கொழுந்தியா யார், முறைத்துக்கொண்டு நிற்கும் சித்தப்பா யார் என்று எல்லாருக்கும் அத்துப்படி ஆகிவிடும். சோலைமுத்துவின் சிடியை அவன் திரும்பி வந்த வாரமே பார்த்துவிட்டோம். இப்போது அதையே அவனுக்கு மருந்தாகக் கொடுத்தோம். வாரம் தவறாமல் போட்டோம். நான்தான் வர்ணனை. "இந்தா பாரு, இதுதான் சந்தியா. தாலி கட்டும்போது உன் கை எப்படி நடுங்குது பாரு." அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டுவான்.

ஊருக்கு நாங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வைத்தோம். கல்யாணமான கையோடு மாப்பிள்ளை விழுந்தான் என்றால் எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் சாரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மருமகள் ராசியைத்தான் சொல்வார்கள். அந்தப் பெண் மாமியார் வீட்டில் இருக்கிறது. புருஷனுக்குத் தன்னையே தெரியவில்லை என்பதும் சேர்ந்தால் அதன் கதி என்ன?

வெள்ளிக்கிழமைதோறும் சந்தியா மிஸ்டு கால் கொடுப்பாள். இவன் போன் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவான். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பேன். "மாமா முழங்கால் வலி எப்படின்னு கேளு. தையல் மெஷின் ரிப்பேரானதைக் கேளு." அவன் அப்படியே கேட்பான். பேசி முடிக்கும்போது ஏசி ஓடுகிற அறையில் அவன் பனியன் நனைந்திருக்கும்.

ஒருநாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"இனிமே என்னால முடியாதுண்ணே. யார் வீட்டுப் பிள்ளையவோ ஏமாத்துற மாதிரி இருக்கு. ஞாபகம் வரலைன்னா உண்மையச் சொல்லிட்டு, அவுக அம்மா வீட்டுக்கே போகச் சொல்லிருவேன். வேற நல்லவனாப் பாத்துக் கட்டிக்கிறட்டும்."

"கிறுக்குப்பயலே, அது என்ன சட்டையா, அளவு சரியில்லைன்னு கடையில திருப்பிக் குடுக்க?" என்று கத்தினேன். அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கையை விரித்தான். முடிவு செய்துவிட்டான் என்று தெரிந்தது.

அப்போதுதான் ரகுநாதனைப் பிடித்தேன். கீழ்மாடியில் இருக்கும் கோயமுத்தூர்க்காரர், ரோலாவில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். ஈரோட்டில் ஹிப்னாடிசம் கோர்ஸ் படித்தவர் என்று பேச்சு. ஹிப்னாடிசம் என்றால் மேடையில் ஆளை நிறுத்திக் கோழி மாதிரி கூவ வைக்கும் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் வேறு போக்கிடம் இல்லை.

"சிகரெட்ட விட வைக்கறதுக்கும், தூக்கம் வராதவங்களுக்கும் பண்ணிருக்கறேனுங்க. ஞாபகத்துக்குப் பண்ணுனதில்ல. வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்," என்றார் அவர். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களையெல்லாம் கடற்கரைக்கு விரட்டிவிட்டேன். சோலைமுத்துவைக் கீழ்க் கட்டிலில் படுக்க வைத்தார் ரகுநாதன். கதவை மூடித் திரையை இழுத்துவிட்டார், ஏசி சத்தம் மட்டும் மிச்சம். மந்திரமும் இல்லை, ஊசலாடும் கடிகாரமும் இல்லை. கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு உறுப்பாகத் தளரச் சொன்னார். அவர் குரல் சீராக, இதமாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் சொருகியது, தொடையைக் கிள்ளிக்கொண்டேன். விழுந்த நாள் முதல் புருவத்துக்கு நடுவில் இருந்த முடிச்சு அவன் முகத்தில் அவிழ்ந்தது.

"கல்யாணத்தன்னைக்குப் போங்க சோலைமுத்து. என்ன தெரியுது?"

அவன் இமைக்குள் கண் உருண்டது. பிறகு உதடு அசைந்தது.

"பந்தல் தெரியுது. வாழைமரம். சந்தியா அரக்குக் கலர் சேலை."

நான் பாதி எழுந்துவிட்டேன். ரகுநாதன் கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

"அப்புறம்?"

"நான் தாலி கட்டுறேன். என் நெத்தியில வேர்வை. சித்தப்பா முறைக்கிறாரு."

"நீங்க எங்க இருந்து பாக்கறீங்க?"

"உசரத்துல. லைட்டுக்குப் பக்கத்துல." ஒரு பெருமூச்சு விட்டான். "இப்ப ரெண்டு ஹார்ட்டு வருது. ஒண்ணுல நான், ஒண்ணுல அது. சுத்துது. பின்னால தாஜ்மஹால்."

ரகுநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு விளங்க அரை நிமிஷம் ஆனது. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பந்தி முடிஞ்சப்புறம் என்ன தெரியுது?" அவர் விடாமல் கேட்டார்.

"கறுப்பு. எழுத்து ஓடுது. ஸ்டுடியோ பேரு, பரமக்குடி, போன் நம்பரு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. "போதுங்க. இனி எதையும் தேட வேண்டாம். நல்லாத் தூங்குங்க. எந்திரிக்கறப்ப மனசு தெளிவா இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சமையலறையில் நான் அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாக டீயை ஆற்றினார்.

"நீங்க ஊத்தி வச்சதத்தானுங்க அவரு எடுத்துக் குடுத்தாரு. உள்ள இருக்கறதுக்கு மேல இத்தன தடவ சிடியப் போட்டா, எது சொந்தம், எது கேமராக்காரன் புடிச்சதுன்னு மனசுக்கு எப்படித் தெரியும்? இன்னும் தோண்டுனா இல்லாததும் வரும். அது பாவமுங்க."

வர்ணனை சொன்னவன் நானாயிற்றே. பாவிப்பயல் சந்தியாவை அனுப்பிவிடுவானே என்ற பயம்தான் பிடித்துக்கொண்டது.

சோலைமுத்து அடித்துப் போட்டது போலத் தூங்கினான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. சாயங்கால அசர் பாங்கு முடிந்து நேரம் கழித்துத்தான் எழுந்தான். முகம் கழுவினான். என்ன நடந்தது என்று கேட்டான், மறைக்காமல் சொன்னோம். ஹார்ட்டு விஷயத்தைக் கேட்டதும் சிரித்தேவிட்டான்.

"சரிண்ணே. அப்ப அது இல்ல. இல்லாததத் தேடி என்ன செய்ய?" என்றவன் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டுக் கார்டை எடுத்தான். "நீங்க எதுவும் எடுத்துக் குடுக்க வேணாம்."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. அவள் எடுத்ததும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். விழுந்தது, மறந்தது, கல்யாணமே ஞாபகத்தில் இல்லாதது. "உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய். நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஆடு கத்துவது கேட்டது.

"தலையில இப்ப வலி இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"என்னமோ மறைக்கிறீகன்னு எனக்குத் தெரியும். பக்கத்துல ஒரு அண்ணன் எடுத்துக் குடுக்குறது எனக்கே கேக்கும். அவுகளுக்கு மெல்லப் பேச வராது போல."

ரகுநாதன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க," என்றாள் சந்தியா. "மொத நாளு ராத்திரி நீங்க ஒண்ணு கேட்டீக. அதுவும் மறந்துபோச்சா?"

"மறந்துபோச்சு."

"இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதமான்னு கேட்டீக. அப்பாவுக்குச் சம்மதம்னு சொல்லிட்டேன். பயத்துல வாய் அப்படி வந்துருச்சு. நீங்க சரின்னு திரும்பிப் படுத்தீக. லீவு முடியிற வரைக்கும் திரும்பக் கேக்கவே இல்ல. பிளேன் ஏறுன அன்னைக்காவது சொல்லணும்னு வந்தேன், சுத்தி உங்க சொந்தம் பூராவும் நின்னுச்சு. அன்னைலேருந்து அதை நெனச்சு நெனச்சுத்தான் கெடக்கேன். நெசமாவே அது மறந்துபோச்சுன்னா, திரும்பக் கேளுங்க."

சோலைமுத்து போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பழக்கதோஷத்தில் என் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன்.

"சந்தியா," என்றான். "என்னை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அன்னைக்கு இப்படிக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்," என்றாள் அவள். "பிடிச்சிருக்கு."