எர்னியின் இருமல்

பக்கத்து வீட்டில் ஆளில்லை என்று ஹில்டா சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் எர்னி இருமினார். மூன்று இருமல், ஒரு கனைப்பு. கூடத்துக் கணப்பின் முன் மண்டியிட்டிருந்த கேஸ் மெக்கானிக் டோனா முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு ஹில்டாவைப் பார்த்தாள்.

"ஆளில்லாத வீட்டுல இருமல் மட்டும் குடியிருக்கு போல" என்றாள்.

ஹில்டாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் செங்குத்துத் தெருக்களில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொன்ன ஒன்றும் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. கூடத்தின் நடுவில் புது கேஸ் கணப்பு அட்டைப் பெட்டிக்குள் காத்திருந்தது. கரி வாளி தூக்கித் தூக்கி அவளுடைய மணிக்கட்டு இரண்டும் ஓய்ந்துவிட்டன. இந்தக் குளிருக்காவது குமிழைத் திருகினால் தீ வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. போன வாரமே ஆளை வைத்துப் புகைபோக்கியைத் துடைத்தாகிவிட்டது. டோனா வந்து குழாயை மாட்டிவிட்டுப் போவாள் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் டோனாவுக்கு ஒரு முறை இருந்தது. குழாயைத் தொடுவதற்கு முன் கணப்பில், புகை மட்டும் கிளப்பும் சோதனை வில்லை ஒன்றைக் கொளுத்துவாள். அந்தப் புகை கூரைக்கு மேலேதான் போக வேண்டும், வேறெங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. வரிசை வீடுகள் என்பதால் இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் ஒரே சுவருக்குள் ஏறின. அதனால் பக்கத்து வீட்டு மாடியறையிலும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் வேறு யாராக இருந்தாலும் ஹில்டா போய்க் கேட்டிருப்பாள். ஆறு வருடத்துக்கு முன் கணவன் கென்னின் சவப்பெட்டி புறப்பட்ட அன்று, எர்னியின் வேன் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. மழையில் நான்கு பேர் பெட்டியைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் எர்னி கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் தட்டினார். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

"பார்க்காமலே மாட்டிட முடியாதா?"

"மாட்டலாம். தீ அழகா எரியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டாள் டோனா. "கசியுற நச்சுக் காத்துக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குறவரு தூங்கிட்டே இருப்பாரு. அவ்வளவுதான்."

எர்னி எங்கே தலை வைத்துப் படுக்கிறார் என்பது ஹில்டாவுக்குத் தெரியும். தினமும் அந்த இருமலைக் கேட்டபடிதான் அவளும் படுக்கிறாள். பார்க்காமலே மாட்டிவிடலாமா என்று ஒரு கணமேனும் தன் மனம் கணக்குப் போட்டதே என்று கூசியது. மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

எர்னி கதவைத் திறந்தார். கண்புரை அறுவை முடிந்து ஒரு கண்ணில் கட்டு. கூட வந்த டோனா விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, மேலே வாங்க என்று மட்டும் சொன்னார். டோனா ஹில்டாவின் கூடத்தில் கணப்போடு இருந்தாக வேண்டும், எர்னிக்குப் பார்வை சரியில்லை. மாடியில் நிற்கும் வேலை ஹில்டாவின் தலையில் விழுந்தது.

கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. அதற்குப் பின்னால் பழைய சின்னக் கணப்பு ஒன்றை ஒட்டுப்பலகையால் மூடி, மேலே பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தார்கள். ஹில்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எர்னி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலைல ஆறரைக்கு உன் கெட்டில் விசில் கேக்கும்" என்றார். "கேக்காத அன்னிக்கு சுவத்துல காதை வெச்சுப் பாப்பேன்."

அப்போதுதான் பலகை ஓரத்தில் காகிதம் வெடித்திருந்த இடத்திலிருந்து நூல் மாதிரி ஒரு வெள்ளைப் புகை வந்தது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் அவசரமில்லாமல் தலைமாட்டின் மேல் வழிந்தன.

"வருதா?"

"வருது."

"எங்க?"

"உங்க தலைகாணி மேல."

"எனக்கு மூணு வருஷமா வாசனையே தெரியுறதில்ல, ஹில்டா" என்றார். பிறகு, "அன்னிக்கு அந்த வேன்..." என்று ஆரம்பித்தார்.

"அதை அப்புறம் சொல்லுங்க, கேக்குறேன். முதல்ல ஜன்னலைத் திறக்கணும்."

ஜன்னல் ஏற்கெனவே ஒரு சாண் திறந்திருந்தது. இருவருமாக முழுவதும் தூக்கினார்கள்.

மேலே வந்து பார்த்த டோனா, இரண்டு புகைபோக்கிக்கும் நடுவிலிருந்த செங்கல் உதிர்ந்துவிட்டது என்றாள். உச்சியிலிருந்து அடிவரை எஃகுக் குழாய் இறக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை கேஸ் கணப்பு கிடையாது, கரியும் கூடாது. இருமல் எவ்வளவு நாளாக என்று எர்னியிடம் விசாரித்தாள். ரெண்டு குளிர்காலமா, வெயில் வந்தா நின்னுடும் என்றார் அவர். டோனா திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். ராத்திரியும் இதை மூடாமல் படுப்பீர்களா என்று கேட்டாள். ஒரு சாண் திறந்தே இருக்கும் என்று தலையசைத்தார். அதுதான் காப்பாற்றியிருக்கிறது, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள்.

ஹில்டா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு குளிர்காலமாக ஒவ்வொரு மாலையும் வாளி நிறையக் கரி போட்டு, அதன் முன்னால் காலை நீட்டிக்கொண்டுதான் அந்த இருமலைத் திட்டியிருக்கிறாள். எழுந்து, தலையணை உறையையும் விரிப்பையும் உருவிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

மத்தியானம் எர்னியின் கோடு போட்ட உறை ஹில்டாவின் கொடியில் ஆடியது. எதிர்வீட்டுத் திரை இரண்டு முறை விலகி மூடியது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் இன்னொரு கிளிப்பைச் செருகினாள்.

மறுநாள் கூடம் பனிக்கட்டியாய்க் கிடந்தது. மேல்கோட்டோடு அடுக்களையில் நின்று கெட்டிலை ஏற்றினாள். ஆறரைக்கு விசில் கிளம்பியது. அடுப்புக் குமிழில் கையை வைத்துக்கொண்டு, அணைக்காமல், எர்னி வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.