பெரியவரைப் பிடுங்கிய நாள்

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாகம் தேவையில்லை என்று முதலாளிக்குத் தோன்றுகிறதோ, அதை ஒரு நாள் முழுக்க எல்லா மேசைகளிலும் பிடுங்கி வைப்பார்கள். சாயங்காலத்துக்குள் யாரும் ஐயோ என்று கத்தவில்லை என்றால், அடுத்த மாடலில் அதற்கு இடமில்லை. ஒரு விசிறியும் ஒரு சிவப்பு விளக்கும் அப்படித்தான் வேலை இழந்தன.

இன்று பெரியவரின் முறை.

பெரியவர் என்பது ஆள் இல்லை; பழைய அதிவேக இணைப்பு ஒன்று. அவர்கள் செய்த ஒலிப்பதிவுக் கருவி இரண்டு பெட்டிகளால் ஆனது. ஒன்று மைக்குகளின் குரலை வாங்கும். மற்றது அதைச் சேமிக்கும். இரண்டுக்கும் நடுவே பெரியவர். ஒரு காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தவர். இப்போது கடையில் வாங்கும் கம்ப்யூட்டரில் அவரைச் செருக ஓட்டையே கிடையாது. ஆனாலும் அவரை வைத்துக்கொள்ள உரிமத்தைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். இன்றே கடைசி நாள் என்று நினைவூட்டிய மின்னஞ்சல், தொழில்நுட்பப் பொறுப்பாளர் பெயருக்கு வந்திருந்தது.

அந்தப் பொறுப்பாளர் முதலாளியின் மூத்த மகள். பெரியவருக்கான நிரலை எழுதியவள். போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மின்னஞ்சலைத் திறந்து படித்தது அவள் கணவன், அதே பட்டறையின் சோதனைப் பொறியாளன்.

"மாப்பிள்ளை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க," என்றார் முதலாளி, மேசைக்கு மேசை கேபிளை உருவிக்கொண்டே. "புது இணைப்பு இதைவிட வேகம். பெட்டியிலேர்ந்து கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்லேர்ந்து பெட்டி. வேலை முடிஞ்சுது."

"அவசரப்படாதீங்க மாமா. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்."

பெரியவரை விடக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. மற்றபடி மாதக்கணக்காகவே எதுவும் அவனுக்கு உறைக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்பதுகூட.

மச்சினி விற்பனையைப் பார்த்துக்கொள்பவள். அவன் மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன். கஸ்டமர்கிட்ட நான் என்ன சொல்லி விக்கறது? எங்க அக்கா ஞாபகமா பின்னாடி ஒரு ஓட்டை வச்சிருக்கோம்னா?"

"ஞாபகத்துக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவன் திரையில் ஓடும் பதிவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்ன, உங்க வாய்க்கும் உரிமம் முடிஞ்சு போச்சா? ஒரு காரணம் சொல்லுங்க, நானே அப்பாகிட்ட சண்டை போடறேன். அக்கா இருந்திருந்தா, காரணம் இல்லாததை அவளே பிடுங்கிப் போட்டிருப்பா."

அது சுருக்கென்று தைத்தது. உண்மையும்கூட.

மதியம் வரை எந்த மேசையிலும் கத்தல் இல்லை. புது இணைப்பு குரலைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோனது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவனுடைய கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் எடுத்துக்கொண்டு அணைந்து, திரும்ப எழுந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பதிவைத் திறந்து பார்த்தான். நடுவில் ஒரு துண்டைக் காணோம்.

"மாமா, இங்க ஓட்டை விழுந்திருக்கு."

முதலாளி எட்டிப் பார்த்தார். "அது கம்ப்யூட்டர் பண்ணின தப்பு. கணக்குல வராது. அதான் தினமும் ஏதாவது ஒரு மேசையில இப்படித் தூங்கி எழுந்திரிக்குதே."

"தினமும் தூங்குது. ஆனா இதுக்கு முன்னாடி ஒரு நாளாவது பதிவுல ஓட்டை விழுந்திருக்கா?"

அவன் எழுந்து, உருவிப்போட்ட கேபிள்களில் ஒன்றை எடுத்தான். இரண்டு பெட்டிகளையும் பெரியவரால் இணைத்தான். மைக்கை மச்சினி கையில் கொடுத்தான்.

"ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம். என்ன பேசறது? எங்க அத்தான் காலையிலேர்ந்து மொத்தமே நாலு வார்த்தைதான் பேசினார், அதுல ரெண்டு மாமா…"

அவள் பேசப் பேச, அவன் குனிந்து கம்ப்யூட்டரின் மின்சார வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது. பெட்டிகளில் பச்சை விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கம்ப்யூட்டரை எழுப்பிப் பதிவைப் போட்டார்கள். அவள் குரல் முதலிலிருந்து கடைசி வரை, மூச்சு வாங்கியது உட்பட, முழுசாக இருந்தது.

"கம்ப்யூட்டர் செத்தாலும் பெட்டி ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கும். அவ அப்படித்தான் எழுதியிருக்கா. புது இணைப்புல நடுவுல இருக்கற கம்ப்யூட்டர் விழுந்தா எல்லாம் போச்சு," என்றான். பல மாதங்களில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். "நம்ம பெட்டியில பாதி போறது கோர்ட்டுக்கு மாமா. சாட்சிக் கூண்டுல அழுதுட்டுப் போனவங்களைக் கூப்பிட்டு, நடுவுல பதிவாகல, அந்த இடத்தை மறுபடி அழுங்கன்னு சொல்ல முடியுமா?"

முதலாளி குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். மகள் போனபிறகு அவர் அதை உற்றுப் பார்த்ததில்லை; காலையில் கேபிளை உருவியதும் கைத்தடவலில்தான்.

"அவ என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே," என்றார்.

"பதிவு ஒரு நாளும் நிக்கவே இல்லைன்னா சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் மச்சினி. கம்ப்யூட்டரில் உரிமப் பக்கத்தைத் திறந்தாள். விவரங்களை நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"பொறுப்பாளர் பேரு… அக்கா பேரே இருக்கட்டுமா அத்தான்?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வேண்டாம். நாளைக்கு உரிமம் தர்றவங்க ஏதாவது கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்."

ஓர் எழுத்து விடாமல் மனைவியின் பெயரை அழித்தான். தன் பெயரை அடித்தான். அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து, கேபிள் குவியலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு முதல் மேசைக்குப் போனான்.