துரைக்குச் சளி

“பால் குடிச்சிட்டான்! துரை பால் குடிச்சிட்டான்!”

தமிழ்செல்வி போட்ட கூச்சலில் ஒப்பாரி பாதியில் நின்றது. ஐஸ் பெட்டிக்குள் மாலையோடு படுத்திருந்த அண்ணன் காசியை அப்படியே விட்டுவிட்டு, கூடத்து மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். உள்ளே துரை தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை.

துரை ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்பு. வளர்க்க முடியாத சென்னைக்காரர் ஒருவர் வனத்துறைச் சீட்டோடு காசியிடம் கொடுத்துவிட்டுப் போனது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை, காசிக்கு மட்டும். கிரிவலப் பாதை டீக்கடையை மூடிவிட்டு வந்தால், மனிதர் பெண்டாட்டியிடம் பேசுவது கம்மி, பாம்பிடம் பேசுவது ஜாஸ்தி. எல்லம்மாள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அதைத் தொட்ட கையோடு கிட்டே வராதே என்று புருஷனை விரட்டியே காலத்தை ஓட்டிவிட்டாள்.

“அண்ணனே வந்து குடிச்சிட்டுப் போயிருக்காரு!” தமிழ்செல்வி சாம்பிராணிச் சட்டியைத் தொட்டிக்கு நேராகக் காட்டினாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எல்லம்மாள் எழுந்து கிட்டே போனாள். கிண்ணத்தில் பால் வைத்தது வைத்தபடி இருந்தது. நுரை மூக்கில் குமிழாகக் கிளம்பி உடைந்தது. திறந்த வாயிலிருந்து கொர் கொர்ரென்று சத்தம். அடக் கடவுளே, போன வாரம் முழுக்கக் காசி டாக்டர் காமேஸ்வரியிடம் போனில் புலம்பியதெல்லாம் இதுதானே! சளி. சூடு குறையக்கூடாது. புகை ஆகாது. ஊசி போட்டுத் தேறி வந்த ஜீவன். பெண்டாட்டி இருமினால் ஒரு கஷாயம் கிடையாது, பாம்புக்கு டாக்டரா என்று அவளே அப்போது நக்கலடித்திருந்தாள். தொட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. அடியிலிருந்த சூட்டு விரிப்பின் பிளக் தரையில் கிடந்தது.

“யாரு இத்தப் புடுங்கினது?”

“நான்தான் அண்ணி,” என்றான் கொழுந்தன் பரசுராமன். “ராத்திரி ஐஸ் பெட்டிக்கு வேற பாயிண்ட் இல்ல.”

எல்லம்மாள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“தலையத் தூக்கி, வாயத் தெறந்து மூச்சு வுடுதாம்மா? அப்போ சளி முத்திடுச்சு. பொகைய நிறுத்திட்டு மெதுவா சூடு குடுங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் துணிப்பையில இங்க கொண்டாந்துடுங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்காது.”

சாம்பிராணிச் சட்டி வாசலுக்குப் போனது. திரும்பி வந்த எல்லம்மாள் ஐஸ் பெட்டியின் பிளக்கை உருவிவிட்டுத் துரையின் பிளக்கைச் செருகினாள். கூடமே வாயைப் பிளந்தது.

“அண்ணி! அண்ணனுக்கு...”

“உங்க அண்ணனுக்கு இனிமே சளி புடிக்காது. இதுக்குப் புடிச்சிருக்கு. எடுக்கற வரைக்கும் பெட்டி சில்லுனுதான் இருக்கும், போ.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடக்க அடக்க அது கூடம் முழுக்கப் பரவியது. காசி இருந்திருந்தால் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்திருப்பார். அதை நினைத்தபோதுதான் எல்லம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மதியம் பம்பை முழங்கப் பூப்பல்லக்கு வண்டி கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். எல்லம்மாள் ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டாள். பயத்தில் அவளுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விட்டது.

“கடிச்சே, உங்க அப்பன்கூடவே அனுப்பி வெச்சிடுவேன்.”

துரை வழவழவென்று, வெதுவெதுப்பாக, பேசாமல் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“புருஷன எடுத்த அன்னிக்கே வாசப்படி தாண்டுவாங்களா அண்ணி?” என்று மறித்தாள் தமிழ்செல்வி.

“அவரு தாண்டிட்டாரே. நான் தாண்டக்கூடாதா?”

பக்கத்து வீட்டு வல்லரசுவின் ஆட்டோவில் ஏறினாள். டவுனுக்குப் போகிற ரோட்டை வளைவிலேயே ஊர்வலம் அடைத்துக்கொண்டிருந்தது. பம்பை, ஆட்டம், சரவெடி.

“சாவத் தாண்டக் கூடாதுக்கா,” என்று வல்லரசு ஆட்டோவை நிறுத்திவிட்டான்.

வெடிப்புகை உள்ளே வந்தது. எல்லம்மாள் பையை முந்தானையால் போர்த்தி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே கொர்ரென்றது.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த பரசுராமன் திரும்பிப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவள் அணைத்திருந்ததையும் பார்த்தான். பம்பைக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினான். சத்தம் நின்றது.

“வண்டிய ஓரங்கட்டுங்கப்பா. அண்ணி போவட்டும்.”

பூவெல்லாம் குலுங்க, காசி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.